பலகை நிலை

முதல் வரிசையில் நின்ற இருபத்திரண்டு பேரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று, கருப்பம்மாள் பெரட்டுக் களத்தின் நடுவில் வைத்து ஐயாவுவின் முகத்தில் காறித் துப்பினாள். துப்பியதோடு விடவில்லை. தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, மாரிலும் வயிற்றிலும் மாறி மாறி மிதித்தாள். மூச்சு வாங்காமல் நூறு தடவை சூரிய நமஸ்காரம் செய்கிற உடம்பு, ஒரு பொம்பளையின் மிதிக்குச் சுருண்டு கிடந்தது. அவன் பெண்டாட்டி செல்லாயி பக்கத்தில்தான் நின்றாள். ஓடிப்போய் விலக்க வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது, கால் வரவில்லை. கருப்பம்மாளின் புருசன் அந்த லோரியில் போய்விட்டான். செல்லாயியின் தம்பி சன்னாசி போகவில்லை, இரண்டாம் வரிசையில் முழுசாக நிற்கிறான். அந்த வித்தியாசம் போதாதா, ஒருத்தி மிதிக்கவும் இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டு நிற்கவும்?

இந்த வரிசை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

ஈப்போவிலிருந்து ஜெலாப்பாங் தாண்டிப் போகிற செம்மண் பாதையில் ஒரு வெள்ளை மலை குறுக்கே வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதன் அடியில்தான் சுண்ணாம்புமலைத் தோட்டம். ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளாக மூன்று லயம், ஒரு பால் ஸ்டோர், ஒரு மாரியம்மன் கோயில், காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட ஒரு களம். பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். வெள்ளைக்காரத் துரை காலத்தில் பெரட்டு முடிந்ததும் ஆணும் பெண்ணும் உளியும் வாளியுமாக ரப்பர் மரத்துக்குப் போய்விடுவார்கள். மரத்தின் பட்டையைச் சாய்வாக ஒரு நூல் கனத்துக்குச் சீவி எடுத்தால் பால் வடியும். பட்டைக்குள் போக வேண்டும், உள்ளே இருக்கிற கட்டையைத் தொடக் கூடாது. தொட்டால் மரத்துக்குப் புண். தொடாமல் வெட்டினால் சில வருடத்தில் பட்டை மறுபடி வளர்ந்து மூடிக்கொள்ளும். ஐயாவுவும் செல்லாயியும் அந்தத் தோட்டத்திலேயே கை சுத்தமான வெட்டுக்காரர்கள் என்று பேர் வாங்கியவர்கள்.

ஐயாவுவுக்கு வேறொரு பைத்தியமும் இருந்தது. ஜப்பான் சண்டைக்கு நாலு வருடம் முன்னால் தைப்பூசத்துக்கு ஈப்போ போனவன், செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கியில் வேலை பார்த்த பெத்தபெருமாள் என்பவரிடமிருந்து ஒரு தாள் வாங்கிவந்தான். தாளில் பன்னிரண்டு படம். கும்பிட்டு நிற்பதில் தொடங்கி, கையைத் தூக்கி, குனிந்து, காலைப் பின்னால் நீட்டி, படுத்து, தலையை நிமிர்த்தி, மறுபடி கும்பிட்டு நிற்பதில் முடியும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்குப் படமே போதுமாக இருந்தது. ரப்பர் பாலைத் தொட்டு அதைச் சுவரில் ஒட்டி, பார்த்துப் பார்த்துத் தானே படித்துக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் தானே பேரும் வைத்தான். ஏழாவது பாம்பு. எட்டாவது மலை. உள்ளங்கையும் கால்விரலும் மட்டும் தரையில் பட, உடம்பை விறைப்பாக நீட்டி நிற்கிற ஐந்தாவதுக்குப் பேர் பலகை.

லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். வேலைக்குப் போய் ஒடிகிற இடுப்பு போதாதென்று வீட்டிலும் ஒடித்துக்கொள்கிறானே என்றார்கள். ஆனால் ஆம்பளைகள் ஒவ்வொருவராக வந்து அவன் பின்னால் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது பேர் குனிந்து நிமிர்வதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஐயாவு பொல்லாத வாத்தியார். முட்டி மடங்கினால் மடங்கியதுதான், அண்ணன் தம்பி பார்க்க மாட்டான்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடினார். சாலையோரத்து ரப்பர் மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். பாகான் டத்தோவிலிருந்து வந்துகொண்டிருந்த தேங்காய் நின்றது, உப்பு நின்றது, துணி நின்றது. கோணிச் சாக்கை வெட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். தோட்டத்துக்குக் காவலாக ஒரு சார்ஜன்ட் வந்தான். அவன் பேர் யார் வாயிலும் நுழையவில்லை. எதற்கெடுத்தாலும் சப்பாத்துக் காலால், அதாவது பூட்ஸ் காலால், உதைப்பான் என்பதால் சப்பாத்து என்றே ஆகிவிட்டது.

சப்பாத்து பெரட்டு நேரத்தை மாற்றினான். சூரியன் மலைக்கு மேலே தலை காட்டுகிற நேரம் எல்லாரும் களத்தில் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். அங்கே அவர்கள் ராஜா இருக்கிறாராம், அவரை இடுப்பு வரை குனிந்து கும்பிட வேண்டும். சரியாகக் குனியாதவனுக்குக் கன்னத்தில் அறை. அறை வாங்கிக் கீழே விழுந்தவனுக்கு விலாவில் உதை. லயத்து நல்லம்மாளுக்கு ஒரு காது அப்படித்தான் போயிற்று. ஒருநாள் காலையில் பெரட்டுக்கு முன்னால் ஐயாவு தன் பாட்டுக்குப் பன்னிரண்டு நிலையும் செய்துகொண்டிருந்ததைச் சப்பாத்து பார்த்துவிட்டான். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நாலு சுற்று முடியும்வரை பேசாமல் நின்றான். தன் கொடியில் இருக்கிற சூரியனைத்தான் இந்தக் கறுப்பன் இத்தனை பக்தியாகக் கும்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, அன்றிலிருந்து தோட்டத்து ஆம்பளைகள் எல்லாருக்கும் இதையே சொல்லிக்கொடு என்று தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி ஜெயபாலன் மூலமாக உத்தரவு போட்டான். ஜப்பான் பாஷை நாலு வார்த்தை தெரிந்தவர் தோட்டத்தில் கிராணி ஒருவர்தான்.

வரிசை பிரிக்கச் சொன்னவன் சப்பாத்து. பிரித்தவன் ஐயாவு. பன்னிரண்டையும் நிற்காமல் ஒழுகுகிற மாதிரி செய்கிறவன் முதல் வரிசை. நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவன் இரண்டாவது. குனியவே முடியாதவன் மூன்றாவது. முதல் வரிசைக்கு வாரம் ஒரு படி அரிசி. சுண்ணாம்பு நாற்றமடிக்கிற பழுப்பேறிய அரிசிதான், ஆனாலும் அரிசி. மரவள்ளியை அவித்துத் தின்று தின்று வயிறு கல்லாகிப்போன சனத்துக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மரவள்ளிக் கொல்லையில் மத்தியானத்தில்கூட ஆட்கள் பலகை நின்று பழகினார்கள். பெண்டாட்டிமார் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார்கள்.

செல்லாயியும் எண்ணினாள். அப்பனும் ஆத்தாளும் மலைக்காய்ச்சலில் ஒரே மாதத்தில் போனபோது சன்னாசிக்கு ஆறு வயது. அவள்தான் தூக்கி வளர்த்தாள். இப்போது இருபத்திரண்டு, ஆள் நல்ல உயரம், சிரித்தால் ஒரு பக்கம் குழி விழும். தன் பங்குக் கிழங்கில் பாதியை அவன் தட்டில் போட்டு, அவனை முதல் வரிசைக்கு மாற்றச் சொல்லி மூன்று தடவை புருசனிடம் கேட்டாள். மூன்றாம் தடவை ஐயாவு எரிந்து விழுந்தான்.

"பலகையில அவனுக்கு இடுப்பு தொங்குது. தொங்குறவன முன்னுக்குப் போட முடியாது லா. ஒரு நாளு நேரா நிக்கட்டும், போடுறேன்."

அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள்தான் லோரி வந்தது. முதல் வரிசையை அப்படியே கத்தரித்து எடுத்த மாதிரி ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிற வேலை, மூன்றே மாதம் என்று கிராணி வாசித்தார். வாத்தியார் வேண்டும் என்று ஐயாவுவை மட்டும் இறக்கிவிட்டார்கள். திடமான ஆள் எவன் எவன் என்று ஜப்பான்காரன் தேடவே வேண்டியிருக்கவில்லை, தோட்டத்துக்காரனே பொறுக்கி அடுக்கி வைத்திருந்தான். அரிசிக்கு ஆசைப்பட்டுத் தானும் தன் தம்பியை அந்த லோரிக்குத்தான் தள்ளிக்கொண்டிருந்தோம் என்பது செல்லாயிக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்று மாதம் ஆயிற்று, யாரும் வரவில்லை. கமுந்திங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாம் போன ஒருவன் தப்பி ஓடிவந்து, இரண்டு நாள் ஸ்டோருக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தான். தோலும் எலும்புமாக இருந்தான். காலில் ஒரு புண், உள்ளே எலும்பு தெரிந்தது. செல்லாயிதான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். வாந்திபேதி கண்டவர்களைக் கொட்டகையோடு எரித்தார்களாம். எரிகிற கொட்டகைக்குள் எழுந்து உட்கார்ந்தவர்களை அவன் கண்ணால் பார்த்தானாம். அவன் அதைச் சொல்லும்போது அழவில்லை. கஞ்சி இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான்.

இந்தச் செய்தி லயம் முழுக்கப் பரவிய வாரத்திலேயே சப்பாத்து இன்னும் இருபது பேர் கேட்டான். மறுநாள் காலை களத்தில் அதிசயம் நடந்தது. தோட்டத்தில் ஒருவனுக்கும் சூரிய நமஸ்காரம் தெரியவில்லை. நேற்றுவரை பாம்பாக நிமிர்ந்தவன் மண்புழுவாகக் கிடந்தான். சப்பாத்து சிரிக்கவில்லை. ஒவ்வொருவன் முதுகிலும் ரப்பர்க் கம்பு முறியும்வரை அடித்தான், முறிந்ததும் வேறு கம்பு எடுத்தான். கடைசியில் சீனியிடம் வந்து நின்றான். சீனி இரண்டாம் வரிசையில் கெட்டிக்காரன், அன்று பலகை நிலையில் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தான். சப்பாத்து பக்கத்தில் நின்ற பெண்ணின் வாளியிலிருந்து ஓர் உளியைப் பிடுங்கினான். அதன் பிடியைச் சீனியின் நெஞ்சுக்கு நேர் கீழே மண்ணில் குத்தி, கூர் மேலே பார்க்க நிறுத்தினான்.

சீனி விழவில்லை. விழுவானா? கை இரண்டும் தூணாக நின்றன, இடுப்பு நேரானது, உடம்பு தானாகவே பலகையாகிவிட்டது. சப்பாத்து நூறு எண்ணினான். பிறகு பொய் சொன்னதற்காக அவனைக் கொடிக்கம்பத்தில் கட்டித் துப்பாக்கிக் கட்டையால் இரண்டு கையையும் முழங்கையில் ஒடித்தான். சீனி மறுநாள் மத்தியானம் வரை உயிரோடு இருந்தான். தண்ணீர் கொடுக்கப் போன அவன் ஆத்தாளுக்கு மண்டை உடைந்தது.

கிராணி உத்தரவை வாசித்தார். ஐந்து நாளில் இருபத்தைந்து பேருக்கு இதே சோதனை. நூறு எண்ணும்வரை உளிக்கு மேலே நிற்கிறவன் திடமானவன், லோரிக்குப் போவான். விழுகிறவன் உதவாக்கரை, கிடக்கட்டும். உளிகளைச் சேர்த்துத் தீட்டி நட்டு வைக்க வேண்டியது வாத்தியார் ஐயாவுவின் பொறுப்பு. இருபத்தைந்து பேரில் சன்னாசியும் இருந்தான்.

செல்லாயி மறுநாளே தம்பியை மரவள்ளிக் கொல்லைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடி, உள்ளே என்ன நடந்தாலும் வெளியே தெரியாது. தெரியாதவன் எப்படிச் செய்வானோ அப்படிச் செய்து பழக வேண்டும் என்றாள். சன்னாசி செய்தான். இரண்டு சுற்று தட்டுத் தடுமாறினான். மூன்றாவதில் உடம்பு வழக்கத்துக்கு வந்து ஒழுகத் தொடங்கிவிட்டது.

"நீ விட்டுடு, நான் செய்றேன் பாரு. எனக்குத் தெரியாது, அதனால எனக்குத்தான் ஒழுங்கா தெரியாம செய்ய வரும்."

கோணிச் சாக்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் செய்தாள். குனியும்போது முட்டி மடங்கியது. கையை ஊன்றினால் பின்புறம் மேலே போயிற்று. பலகை நிற்கப் போய்த் தாடையில் இடித்துக்கொண்டு விழுந்தாள், வாய் நிறைய மண். சன்னாசி சிரித்தான். கன்னத்தில் குழி விழுந்ததைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரித்ததற்காக இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது, சீனியைப் புதைத்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை.

மூன்று நாளில் அவன் அவளைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போனான். இடுப்பு தொங்கியது, மூச்சு இரைத்தது. அப்போதுதான் அவள் மரவள்ளிக் குச்சி ஒன்றைக் கூராகச் சீவி, அவன் நெஞ்சுக்குக் கீழே நட்டாள். அவ்வளவுதான். தொங்கிய இடுப்பு ஏறிக்கொண்டது. அவள் எண்ணினாள். நூறு தாண்டியது, நூற்றைம்பது தாண்டியது.

"விழுடா."

"விழணும்னுதான் அக்கா நெனைக்கிறேன். கை கேக்க மாட்டேங்குது."

"குச்சிதான்டா. குத்துனா ஒரு பொத்தல் விழும், மஞ்சளு போட்டா ஆறிடும்."

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குதே. நீ அமுக்கு அக்கா. முதுகுல கைய வச்சு ஒரே அமுக்கா அமுக்கிடு."

அவள் வைத்தாள். வியர்வையில் நனைந்த முதுகு, அவள் எண்ணெய் தேய்த்து வளர்த்த முதுகு. அமுக்க வேண்டும் என்றுதான் வைத்தாள். எவ்வளவு நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. பிறகு குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதாள். கெஞ்சியாவது இதைச் செய்யச் சொல்வதற்கு உலகத்தில் யாரும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் நல்ல மழை. வீட்டுக்கு வந்தால் ஐயாவு கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் குந்தி உட்கார்ந்து உளிகளைத் தீட்டிக்கொண்டிருந்தான். இருபத்திநாலு தீட்டி அடுக்கியாயிற்று. கடைசியாகக் கையில் இருந்தது செல்லாயியின் உளி. மற்றதைவிட ஒரு விரல் குட்டை, பிடியில் அவள் சுற்றிய பழந்துணி. அதைக் கல்லில் இழுப்பதும், நகத்தில் வைத்துப் பார்ப்பதும், திருப்தி இல்லாமல் மறுபடி இழுப்பதுமாக இருந்தான். நாலு மாதமாக அவன் யாரிடமும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை.

"ஒங்க மச்சான் விழ மாட்டேங்கிறான்," என்றாள். "குச்சிக்கே விழ மாட்டேங்கிறான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி கல்லில் இழுத்தான். அந்தச் சத்தம் அவள் பல்லைக் கூச வைத்தது.

"என் உளிய எதுக்கு இந்தத் தீட்டு தீட்டுறீங்க?"

"கூரா இருக்கணும்."

"எதுக்கு? யாரு குடலு சரியணும்னு?"

"மழுங்குன உளிதான் மரத்தக் கிழிக்கும், செல்லாயி. கூரா இருந்தா போற எடத்தோட நிக்கும். இது ஒனக்குத் தெரியாததா."

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியது அன்றுதான்.

"நீ மனுசனா? ஆளப் புடிச்சுக் குடுத்த, பத்தாதுன்னு இப்ப கத்தி தீட்டிக் குடுக்குற. என் தம்பி அங்க போனான்னா ஒனக்குச் சோறு கிடையாது, இந்த வீட்டுல எடம் கிடையாது. செத்தாலும் நான் ஒனக்கு அழ மாட்டேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டுத் தீட்டினான். அவள் அடுப்பிலிருந்து விறகுக் கட்டையை எடுத்துவந்து அடித்தாள். தோளில் இரண்டு, முதுகில் ஒன்று, கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்ததால் தலையில் ஒன்று. காதோரம் ரத்தம் வழிந்து மழைத் தண்ணீரோடு போயிற்று. உளியை மட்டும் நனையாமல் மடிக்குள் வைத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் விடியும்போது இருபத்தைந்து உளியும் களத்தில் வரிசையாக நடப்பட்டிருந்தன. சப்பாத்து முதல் நாலைந்தைக் காலால் உதைத்துப் பார்த்தான், அசையவில்லை. மற்றதைக் கண்ணால் பார்த்ததோடு சரி. ஆட்களை நிறுத்தியவன் ஐயாவு. சன்னாசியைக் கடைசியில், செல்லாயியின் குட்டை உளிக்கு மேலே நிறுத்தினான். பெண்கள் களத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும், அழக் கூடாது என்று உத்தரவு. கும்பிட்டு நின்று, கையைத் தூக்கி, குனிந்து, கால்களைப் பின்னால் நீட்டி, ஐந்தாவதில் இருபத்தைந்து பேரும் பலகை ஆனார்கள். சூரியன் மலை உச்சியில் ஏறியது. கிராணி எண்ணத் தொடங்கினார்.

முப்பதில் ஒருவன் விழுந்தான், நிஜமாகவே கை வலுவில்லாதவன். உளி கழுத்தடியில் ஏறியது. அவன் சத்தம் போடாமல் காலை மட்டும் இரண்டு தடவை அடித்துக்கொண்டான், அதோடு முடிந்தது. அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் கை இன்னும் இறுகியது. நாற்பதில் இருவர், அறுபதில் இருவர் விழுந்தார்கள். ஒருவனுக்கு வயிறு கிழிந்து சரிந்தது, தன் கையாலேயே பொத்திக்கொண்டு புரண்டான். ஐயாவு கையில் கம்போடு வரிசையில் மேலும் கீழும் நடந்தான். தொங்குகிற இடுப்பில் அடிக்க வேண்டும் என்பது அவனுக்குக் கட்டளை, அடித்தான்.

எழுபது. சன்னாசியின் கை நடுங்கவே இல்லை. செல்லாயி மனசுக்குள் விழுடா, விழுடா என்று கத்தினாள். அவன் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். முடியவில்லை அக்கா என்று அந்தக் கண்ணில் எழுதியிருந்தது.

எண்பது என்றார் கிராணி. ஐயாவு வரிசையின் கடைசிக்கு வந்து நின்றான். கம்பைக் கீழே வைத்தான். வலது காலைத் தூக்கிச் சன்னாசியின் இடது தோளில் வைத்தான். ஒரு கணம் வைத்தபடி நின்றான், வெட்டுக்கு முன்னால் உளியைப் பட்டையில் வைத்துப் பார்க்கிற மாதிரி. பிறகு முழு உடம்பையும் போட்டு மிதித்தான்.

சன்னாசி அலறியது மலையில் பட்டுத் திரும்பி வந்தது. செல்லாயி ஓடினாள். கருப்பம்மாள் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், இல்லாவிட்டால் அங்கேயே சுட்டிருப்பார்கள்.

சப்பாத்து வந்தான். நூறு முடியும்வரை நின்ற மற்றவர்களை லோரிக்கு அனுப்பினான், பத்தொன்பது பேர். விரல் விட்டு எண்ணிவிட்டு, பாகேரோ என்று தன் பாஷையில் திட்டித் துப்பாக்கிக் கட்டையால் ஐயாவுவின் வாயில் இடித்தான். பல் தெறித்தது. விழுந்தவனை எழுப்பி மறுபடி இடித்தான். பிறகு கிராணியைப் பார்த்து ஏதோ சொன்னான். கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

"இருவது வேணுமாம் ஐயாவு. நீ இப்ப உளி மேல நிக்கணும். நின்னா நீ போற. விழுந்தேன்னா ஒன் மச்சான இப்படியே ரத்தத்தோட ஏத்திருவாங்களாம்."

ஐயாவு வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்து உளிக்கு மேலே கையை ஊன்றினான். காலை நீட்டினான். இந்தத் தடவை சப்பாத்து தானே எண்ணினான், வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி. ஐயாவுவின் வாயிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக உளியின் கூரில் விழுந்தது. நூறு ஆயிற்று, அவன் நிறுத்தவில்லை. இருநூறு. விழு என்று சொல்லவும் செல்லாயிக்கு வாய் வரவில்லை, நில் என்று சொல்லவும் வரவில்லை. தம்பி ஒரு பக்கம் மண்ணில் கிடந்து முனகுகிறான், புருசன் ஒரு பக்கம் கத்திக்கு மேலே நிற்கிறான். எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு காலை விடியக் கூடாது. முந்நூறு எண்ணிய பிறகு சப்பாத்துக்கு அலுத்துவிட்டது. அதுவரை ஐயாவுவின் இடுப்பு ஒரு நூல் தொங்கவில்லை.

லோரியில் ஏற்றும்போது அவன் திரும்பிப் பார்த்தான். வாய் வீங்கிப் பேச்சு குழறியது.

"ஒன் உளிய கழுவி எடுத்து வை. துரு புடிச்சிரும்."

 தம்பியை மிதித்துக் கத்தியில் ஏற்றியவன் உளியைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறானே என்றுதான் நினைத்தாள். லோரி செம்மண் பாதையில் திரும்பும்வரைகூட அவள் நிற்கவில்லை.

சண்டை முடிந்து அந்தப் பத்தொன்பது பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். ஐயாவு வரவில்லை. அதெல்லாம் பிறகு.

அன்று சன்னாசியைக் கருப்பம்மாளும் நல்லம்மாளும் தூக்கிக்கொண்டு போக, செல்லாயி உளியை எடுக்கத்தான் களத்தில் பின்தங்கினாள். மற்ற உளிகள் பிடி இறுகி நட்டபடியே நின்றன, ஆட்டிப் பார்த்தும் வரவில்லை. அவளுடைய உளியைக் காணவில்லை. ரத்தம் தேங்கிய இடத்தில் கையை விட்டாள். உளி கழுத்துவரை மண்ணுக்குள் இறங்கியிருந்தது, மேலே இரண்டு விரல் கூர் மட்டும். சுற்றிலும் களத்துக் கெட்டி மண் இல்லை. ஆற்று மணல். இன்னும் கையை விட்டாள், முழங்கை வரை போயிற்று, அதுவரைக்கும் மணல்தான். பாரம் ஏறினால் உளி இறங்குகிற மாதிரி ஆழமாகத் தோண்டி, மணலைக் கொட்டி, மேலே செம்மண்ணைத் தூவி மூடியிருந்தான். தெரிந்தால் பையன் சீனியைப் போலச் சும்மா விழுவான், மாட்டிக்கொள்வான் என்றுதான் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவள் லயத்துக்கு ஓடினாள். சன்னாசி பாயில் கிடந்தான், மயக்கமாக இருந்தாலும் மூச்சு சீராக இருந்தது. வெந்நீரில் துணியை நனைத்துத் தோளுக்குக் கீழே உறைந்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். ஒரு விரல் நீளத்துக்குக் காயம். ஓரம் பிய்ந்திருக்கவில்லை, கிழிசல் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தாள். தோலும் சதையும் வெட்டுப்பட்டிருந்தன, எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. பதினாலு வருடம் மரம் வெட்டியவளுக்கு அதைப் பார்த்துச் சொல்ல வேறு ஆள் தேவையில்லை. பட்டைக்குள் போயிருக்கிறது, கட்டையைத் தொடவில்லை. ஆறிவிடும்.

இந்த உளியைத் தீட்டிக்கொண்டிருந்ததற்குத்தான் நேற்று அவள் அவனை விறகுக் கட்டையால் அடித்தாள்.